நரம்புச் சிதைவு நோய்களின் விலங்கு மாதிரிகளில் தாவர ஈஸ்ட்ரோஜன்கள்

தாவர ஈஸ்ட்ரோஜன்கள் என்பவை தாவரங்களில் இயற்கையாக உருவாகி, முதுகெலும்புள்ள விலங்குகளின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளுடன் பிணையக்கூடிய சேர்மங்கள் ஆகும். சோயா அவரையில் உள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் ஆகியவை இவற்றுள் பரவலாக ஆராயப்பட்டவை. ஆல்சைமர் நோய், பார்க்கின்சன் நோய், இயக்க நரம்பணு நோய் போன்ற நரம்புச் சிதைவு நோய்களை இச்சேர்மங்கள் தடுக்குமா அல்லது தாமதப்படுத்துமா என்பது 1990களின் இறுதியிலிருந்து எலிகளிலும் சுண்டெலிகளிலும் குரங்குகளிலும் சோதிக்கப்பட்டு வருகிறது. விலங்குகளில் கிடைத்த முடிவுகளுள் பல நம்பிக்கை அளிப்பவையாக இருந்தன. ஆயினும் மனிதரில் நடத்தப்பட்ட சோதனைகள் அதே அளவு பயனைக் காட்டவில்லை. இந்த இடைவெளி ஏன் ஏற்படுகிறது என்பது இத்துறையின் மையக் கேள்விகளுள் ஒன்றாகும்.

இக்கட்டுரையில் எலி என்பது ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் பெரிய எலியையும், சுண்டெலி என்பது உருவில் சிறிய வேறொரு இனத்தையும் குறிக்கும். இரண்டின் உடற்செயலியலும் ஒன்றல்ல என்பதால் இவ்வேறுபாடு முக்கியமானது.

பின்னணி

ஈஸ்ட்ரோஜன் இனப்பெருக்கத்துக்கு மட்டும் உரிய இயக்குநீர் அன்று. மூளையின் பல பகுதிகளில் அதற்கான ஏற்பிகள் உள்ளன. நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியும் பெருமூளைப் புறணியும் அவற்றுள் அடங்கும். ஈஸ்ட்ரோஜன் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளைப் பெருக்குகிறது. நரம்பணுக்களின் வளர்ச்சிக் காரணிகளைத் தூண்டுகிறது. இழைமணிகளின் ஆற்றல் உற்பத்திக்கு உதவுகிறது. மாதவிடாய் நிறுத்தத்துக்குப் பின் பெண்களில் இதன் அளவு வெகுவாகக் குறைகிறது. ஆல்சைமர் நோயால் பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்கள். இவ்விரு செய்திகளையும் இணைத்து, ஈஸ்ட்ரோஜனை ஈடு செய்தால் மூளையைக் காக்கலாம் என்ற கருதுகோள் எழுந்தது.

இக்கருதுகோளுக்குப் பெரும் பின்னடைவு 2003ஆம் ஆண்டு ஏற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 4,532 பெண்களிடம் நடத்தப்பட்ட நினைவாற்றல் ஆய்வொன்றில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை உட்கொண்டவர்களில் 40 பேருக்கும், மருந்துப்போலி உட்கொண்டவர்களில் 21 பேருக்கும் மறதி நோய் ஏற்பட்டது. அதாவது, காக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட சிகிச்சை இடரை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் ஆகியவற்றின் இடரும் இச்சிகிச்சையால் கூடியது.

இதற்குப் பின் ஆய்வாளர்களின் கவனம் இரு கேள்விகளை நோக்கித் திரும்பியது. ஒன்று, சிகிச்சை தொடங்கும் வயது முடிவை மாற்றுமா என்பது. மற்றொன்று, மார்பகத்தையும் கருப்பையையும் தூண்டாமல் மூளையில் மட்டும் ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படும் பொருள் உண்டா என்பது. தாவர ஈஸ்ட்ரோஜன்கள் மீதான ஆர்வம் இரண்டாவது கேள்வியிலிருந்து வலுப்பெற்றது.

வரலாறு

தாவரங்களின் ஈஸ்ட்ரோஜன் தன்மை முதலில் ஒரு கால்நடைச் சிக்கலாகவே கவனத்துக்கு வந்தது. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர் தீவனச் செடியை மேய்ந்த செம்மறியாடுகள் மலடாயின. பென்னெட்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1946இல் இதனை விவரித்தனர். செடியில் இருந்த ஃபார்மோனோநெட்டின் என்னும் ஐசோஃபிளேவோன், ஆட்டின் இரைப்பை நுண்ணுயிர்களால் டெய்ட்சீனாகவும் பின்னர் ஈக்குவோல் என்னும் பொருளாகவும் மாற்றப்பட்டதே காரணம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஈக்குவோல் அதற்கு முன்பே, 1932இல், சினையுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்தது.

ஜெனிஸ்டீன் 1899இல் சாயத்துக்குப் பயன்பட்ட ஜெனிஸ்டா என்னும் செடியிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. பெயரும் அதிலிருந்தே வந்தது. 1987இல் இது டைரோசின் கைனேஸ் நொதிகளைத் தடுக்கும் தன்மையுடையது என ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். இதனால் ஜெனிஸ்டீனுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைச் சாராத செயல்களும் உண்டு என்பது தெரிய வந்தது.

1996இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர் எலியின் முன்னிற்குஞ் சுரப்பியிலிருந்து இரண்டாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்தனர். முன்பே அறியப்பட்டிருந்தது ஆல்ஃபா ஏற்பி என்றும் புதியது பீட்டா ஏற்பி என்றும் அழைக்கப்பட்டன. ஜெனிஸ்டீன் ஆல்ஃபா ஏற்பியைவிடப் பீட்டா ஏற்பியுடன் பல மடங்கு வலுவாகப் பிணைகிறது என்பதை இதே குழுவினர் அடுத்த சில ஆண்டுகளில் வெளியிட்டனர். மார்பகத்திலும் கருப்பையிலும் உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டுவது பெரும்பாலும் ஆல்ஃபா ஏற்பியே. ஹிப்போகாம்பசிலும் புறணியிலும் பீட்டா ஏற்பி உள்ளது. எனவே பீட்டா ஏற்பியை நாடும் தாவரச் சேர்மங்கள் மூளைக்குப் பொருத்தமானவையாகத் தோன்றின.

முதன்மை வகைகள்

- ஐசோஃபிளேவோன்கள்: ஜெனிஸ்டீன், டெய்ட்சீன், கிளைசிட்டீன் ஆகியவை சோயா அவரையில் உள்ளன. ஃபார்மோனோநெட்டின், பயோக்கானின் ஏ ஆகியவை சிவப்புக் குளோவரில் மிகுதி. பயோக்கானின் ஏ கொண்டைக்கடலையிலும் உண்டு.
- லிக்னான்கள்: ஆளி விதையிலும் எள்ளிலும் உள்ளன. குடல் நுண்ணுயிர்கள் இவற்றை என்டரோலாக்டோன், என்டரோடயோல் ஆகிய பொருள்களாக மாற்றுகின்றன.
- கூமெஸ்டான்கள்: முளைகட்டிய பயறுவகைகளிலும் குதிரைமசாலிலும் காணப்படும் கூமெஸ்ட்ரோல் இவ்வகையைச் சேர்ந்தது.
- ஸ்டில்பீன்கள்: திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரோல் வலுக்குறைந்த ஈஸ்ட்ரோஜன் தன்மை உடையது.
- பிரெனைல் ஃபிளேவனாய்டுகள்: ஹாப்ஸ் பூவில் உள்ள 8-பிரெனைல்நாரின்ஜெனின் இதற்கு எடுத்துக்காட்டு.

செயற்படும் வழிகள்

தாவர ஈஸ்ட்ரோஜன்கள் நரம்பணுக்களைக் காப்பதற்குப் பல வழிகள் முன்வைக்கப்பட்டுள்ளன.

- ஏற்பி வழி: பீட்டா ஏற்பியுடன் பிணைந்து, நரம்பணு உயிர்வாழ்வுக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டைக் கூட்டுதல், உயிரணுவுக்குள் விரைவான சமிக்ஞைத் தொடர்களைத் தூண்டுதல்.
- ஆக்சியேற்ற எதிர்ப்பு: தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை நேரடியாகக் குறைத்தல் அல்லது உடலின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைப் பெருக்குதல்.
- அழற்சிக் குறைப்பு: மூளையின் எதிர்ப்பு உயிரணுக்களான மைக்ரோகிளியாவின் மிகையான செயற்பாட்டைத் தணித்தல்.
- கழிவகற்றல்: தன்விழுங்கல் எனப்படும் செயல்முறையைத் தூண்டி, தவறாக மடிந்த புரதங்களை உயிரணுக்கள் சிதைத்து நீக்க உதவுதல்.

இவற்றுள் எது உண்மையில் நடைபெறுகிறது என்று அறிய ஆய்வாளர்கள் தடுப்பான்களைப் பயன்படுத்துகின்றனர். ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்னும் மருந்து ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளை முடக்கும். அதனை விலங்கின் மூளைக்குள் செலுத்திய பிறகும் சோதனைப் பொருளின் பயன் நீடித்தால், அப்பயன் ஏற்பி வழியாக வந்ததன்று எனக் கொள்ளலாம். பயன் மறைந்தால் ஏற்பியே வழி எனக் கொள்ளலாம். ஆல்ஃபா அல்லது பீட்டா ஏற்பிக்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளும் இதே நோக்கத்துக்குப் பயன்படுகின்றன.

விலங்கு மாதிரிகள்

விலங்கு மாதிரி என்பது மனித நோயின் சில கூறுகளை மட்டும் விலங்கில் உருவாக்கிக் காட்டும் ஏற்பாடு ஆகும். எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் இயல்பாக ஆல்சைமர் நோயோ பார்க்கின்சன் நோயோ வருவதில்லை. ஆகவே அறுவை, நச்சு, மரபணு மாற்றம் ஆகியவற்றுள் ஒன்றன் மூலம் நோய்க்கூறு உண்டாக்கப்படுகிறது.

சூலகம் அகற்றப்பட்ட விலங்குகள்

பெண் எலிகளின் சூலகங்களை அறுவை மூலம் அகற்றினால் அவற்றின் ஈஸ்ட்ரோஜன் அளவு திடீரெனக் குறையும். இது மாதவிடாய் நிறுத்தத்துக்கான மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. இத்தகைய எலிகளுக்குச் சோயா ஐசோஃபிளேவோன்கள் கொடுக்கப்பட்டபோது, ஆரக்கைப் புதிர்வழிச் சோதனையில் அவற்றின் செயற்பாடு மேம்பட்டதாகவும், மூளையின் நரம்பு வளர்ச்சிக் காரணிகளுள் ஒன்றின் வெளிப்பாடு கூடியதாகவும் 2000ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த ஆய்வுகள் தெரிவித்தன. ஆயினும் அறுவையால் ஏற்படும் திடீர் இழப்பு, பெண்களில் பல ஆண்டுகளாகப் படிப்படியாக நிகழும் மாற்றத்துக்கு ஈடானது அன்று.

ஆல்சைமர் நோய் மாதிரிகள்

ஆல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமிலாய்டு பீட்டா என்னும் புரதத் துண்டு படிவுகளாகத் திரள்கிறது. நரம்பணுக்களுக்குள் டௌ புரதம் சிக்கல்களாக முறுக்கிக் கொள்கிறது. எலியின் ஹிப்போகாம்பசில் அமிலாய்டு பீட்டாவை நேரடியாக ஊசி மூலம் செலுத்துவது எளிய மாதிரி ஆகும். 2011இல் ஈரானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு பாதிக்கப்பட்ட எலிகளுக்கு முன்கூட்டியே ஜெனிஸ்டீன் வாய்வழியாகக் கொடுக்கப்பட்டபோது கற்றல் குறைபாடும் நினைவுக் குறைபாடும் தணிந்தன.

மரபணு மாற்றச் சுண்டெலிகளில் மனிதரின் குடும்பவழி ஆல்சைமர் நோய்க்குக் காரணமான மரபணுப் பிறழ்வுகள் புகுத்தப்படுகின்றன. 2003இல் உருவாக்கப்பட்ட மும்மரபணு மாற்றச் சுண்டெலியில் அமிலாய்டு படிவுகள், டௌ சிக்கல்கள் ஆகிய இரண்டும் தோன்றுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் லிச்சின் ஜாவோ, ராபர்ட்டா பிரிண்டன் ஆகியோரின் குழு ஜெனிஸ்டீன், டெய்ட்சீன், ஈக்குவோல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு கலவையை உருவாக்கியது. இக்கலவை ஆல்ஃபா ஏற்பியைவிடப் பீட்டா ஏற்பியை 83 மடங்கு தெரிந்து பிணைவதாக அவர்கள் கணக்கிட்டனர். பெண் மும்மரபணு மாற்றச் சுண்டெலிகளுக்கு நோய்க்கூறு தோன்றும் முன்பே தொடங்கி 9 மாதங்கள் இதனை உணவில் கொடுத்தபோது, அவற்றின் வாழ்நாள் நீண்டது. இடம் அறியும் நினைவு மேம்பட்டது. அமிலாய்டு படிவு குறைந்தது. 2013இல் வெளியான இவ்வாய்வில் கவனிக்கத்தக்க மற்றொரு முடிவும் உண்டு. கடைகளில் விற்கும் சோயாச் சாறு ஒன்று ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்பட்டபோது, அமிலாய்டில் சிறிது மாற்றம் தென்பட்டதே தவிர, ஏனைய பயன்கள் கிடைக்கவில்லை. சோயா என்ற பொதுப் பெயரில் வரும் பொருள்கள் அனைத்தும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது.

ஸ்பெயினின் வலென்சியா நகரைச் சேர்ந்த குழுவினர் 2016இல் வேறொரு வழியை முன்வைத்தனர். அவர்களது சுண்டெலிகளில் ஜெனிஸ்டீன் உட்கருவில் உள்ள வேறொரு ஏற்பியைத் தூண்டி, மூளையிலிருந்து அமிலாய்டை அகற்ற உதவும் அப்போலிப்போபுரதம் ஈ-யைப் பெருக்கியதாக அவர்கள் தெரிவித்தனர்.

பார்க்கின்சன் நோய் மாதிரிகள்

பார்க்கின்சன் நோயில் நடுமூளையின் கருமைத் திரளில் உள்ள டோபமைன் நரம்பணுக்கள் அழிகின்றன. இதற்கான புகழ்பெற்ற மாதிரி ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1982இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட போதைப்பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர் திடீரென உடல் விறைத்து அசைவற்றுப் போயினர். அப்பொருளில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்னும் நச்சே காரணம் எனக் கண்டறியப்பட்டது. மூளையில் மோனோஅமைன் ஆக்சிடேஸ் பி என்னும் நொதி இதனை உண்மையான நச்சாக மாற்றுகிறது. டோபமைன் கடத்தி அதனை நரம்பணுவுக்குள் எடுத்துச் செல்கிறது. அங்கே அது இழைமணியின் ஆற்றல் உற்பத்தியை முடக்குகிறது. சுண்டெலிகளும் குரங்குகளும் இந்நச்சால் பாதிக்கப்படும். எலிகள் பெரிதும் தாக்குப்பிடிக்கும். ஆகவே எலிகளில் 6-ஹைட்ராக்சிடோபமைன் என்னும் வேறொரு நச்சு மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் செலுத்தப்படுகிறது. பின்னர் அபோமார்ஃபின் என்னும் மருந்தைக் கொடுத்தால் எலி ஒரே திசையில் சுற்றத் தொடங்கும். அந்தச் சுற்றுகளின் எண்ணிக்கை சேதத்தின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

இவ்விரு மாதிரிகளிலும் நச்சுக்கு முன்னர் ஜெனிஸ்டீன் பெற்ற விலங்குகளில் டோபமைன் நரம்பணுக்கள் கூடுதலாக எஞ்சியதாகவும், எலிகளில் சுற்றுகள் குறைந்ததாகவும் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் தெரிவித்தன. இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சோதனைப் பொருள் மேற்சொன்ன நொதியையோ கடத்தியையோ தடுத்தாலும் நரம்பணுக்கள் தப்பிப் பிழைக்கும். அவ்வாறாயின் அப்பொருள் நரம்பணுவைக் காக்கவில்லை; நச்சு உருவாவதையோ உள்ளே நுழைவதையோ மட்டுமே தடுத்தது. மனித நோயில் அந்த நச்சே இல்லை என்பதால் இத்தகைய பயன் நோயாளிக்கு உதவாது.

இயக்க நரம்பணு நோய் மாதிரி

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் இந்நோய்க்கு, 1994இல் உருவாக்கப்பட்ட எஸ்.ஓ.டி.1 மரபணு மாற்றச் சுண்டெலி நெடுங்காலம் முதன்மை மாதிரியாக விளங்கியது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு ஜெனிஸ்டீன் இச்சுண்டெலிகளில் பாதுகாப்பு அளிப்பதாகவும், பாலினத்தைப் பொறுத்து அவ்விளைவு வேறுபடுவதாகவும் தெரிவித்தது.

இம்மாதிரியில் வெளியான முடிவுகளின் நம்பகத்தன்மை குறித்து 2008இல் பெரும் கேள்வி எழுந்தது. ஐக்கிய அமெரிக்காவின் இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனம் ஒன்று, 5 ஆண்டுகளில் 221 ஆய்வுகளில் 18,000க்கும் மேற்பட்ட சுண்டெலிகளைக் கொண்டு 70க்கும் மேற்பட்ட மருந்துகளைச் சோதித்தது. முன்னர் பயனளிப்பதாக வெளியிடப்பட்ட மருந்துகள் எவையும் அச்சோதனைகளில் ஆயுளை நீட்டிக்கவில்லை. முந்தைய ஆய்வுகளில் கண்ட சிறு வேறுபாடுகள் பெரும்பாலும் தற்செயலான ஏற்ற இறக்கங்களே என அந்நிறுவனம் கருதியது. குறைந்த எண்ணிக்கையிலான விலங்குகள், ஆண் பெண் விகிதம் சமப்படாமை, புகுத்தப்பட்ட மரபணுவின் படிகள் சில சுண்டெலிகளில் குறைந்துபோதல் ஆகியவை தவறான முடிவுகளுக்குக் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

நடத்தை அளவீடுகள்

விலங்கால் தன் நினைவிழப்பைச் சொல்ல இயலாது. எனவே அதன் நடத்தையிலிருந்தே நினைவாற்றல் ஊகிக்கப்படுகிறது. ரிச்சர்ட் மோரிஸ் 1981இல் அறிமுகப்படுத்திய நீர்ப் புதிர்வழி இவற்றுள் பெரிதும் பயன்படுவது. கலங்கலாக்கப்பட்ட நீர் நிறைந்த வட்டத் தொட்டியில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மேடை மறைந்திருக்கும். எலி அறையில் உள்ள அடையாளங்களைக் கொண்டு அம்மேடையின் இடத்தை நினைவில் வைக்கக் கற்றுக்கொள்கிறது. மேடையை அடைய எடுக்கும் நேரம் குறைந்தால் நினைவு மேம்பட்டது எனக் கொள்வர். ஆனால் நீந்தும் வேகம், பார்வை, அச்சம் ஆகியவையும் அந்நேரத்தை மாற்றும். ஈஸ்ட்ரோஜன் தன்மையுள்ள பொருள்கள் பதற்றத்தையும் அசைவையும் பாதிக்கக்கூடியவை என்பதால், நீந்தும் வேகத்தைத் தனியே அளந்து ஒப்பிடுவது இத்தகைய ஆய்வுகளில் இன்றியமையாதது.

சோதனை வடிவமைப்பில் உள்ள சிக்கல்கள்

கட்டுப்பாட்டு உணவு

ஆய்வுக்கூட எலிகளுக்கான வழக்கமான தீவனத்தில் சோயா மாவு புரத மூலமாகச் சேர்க்கப்படுகிறது. அதாவது, தாவர ஈஸ்ட்ரோஜன் பெறாத குழு எனக் கருதப்படும் விலங்குகளும் நாள்தோறும் அதனை உண்கின்றன. ஐசோஃபிளேவோன் அளவு தீவனத்துக்குத் தீவனமும், ஒரே தீவனத்தில் தொகுதிக்குத் தொகுதியும் மாறுகிறது. பழைய ஆய்வுகள் சிலவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம். பால் புரதமான கேசினை அடிப்படையாகக் கொண்ட, சேர்மானம் வரையறுக்கப்பட்ட தீவனத்தைப் பயன்படுத்துவதே இதற்குரிய தீர்வாகும்.

பாலினம்

2001இல் வெளியான ஓர் ஆய்வில், தாவர ஈஸ்ட்ரோஜன் நிறைந்த உணவு பெண் எலிகளின் காட்சிசார் இட நினைவை மேம்படுத்தியது. ஆண் எலிகளில் அதே உணவு அந்நினைவைக் குறைத்தது. ஒரு பாலினத்தில் மட்டும் நடத்திய சோதனையின் முடிவை மற்றொன்றுக்குப் பொருத்த முடியாது என்பதற்கு இது தெளிவான சான்று.

ஈக்குவோல் வேறுபாடு

எலிகளும் சுண்டெலிகளும் ஏறத்தாழ அனைத்தும் டெய்ட்சீனை ஈக்குவோலாக மாற்றுகின்றன. மனிதரில் அதற்குரிய குடல் நுண்ணுயிர்கள் உள்ளவர்களால் மட்டுமே இது இயலும். மேற்கத்திய நாடுகளில் 25 முதல் 30 விழுக்காட்டினரும், சோயா மிகுதியாக உண்ணும் கிழக்காசிய நாடுகளில் 50 முதல் 60 விழுக்காட்டினரும் ஈக்குவோல் உருவாக்குபவர்கள் என மதிப்பிடப்படுகிறது. ஆகவே ஓர் எலியில் கண்ட பயன் ஈக்குவோலால் விளைந்ததாயின், மனிதருள் ஒரு பகுதியினருக்கு அது கிட்டாமல் போகலாம்.

அளவு மாற்றம்

விலங்குக்குக் கொடுத்த அளவை உடல் எடைக்கு ஏற்ப நேரடியாகப் பெருக்குவது தவறு. சிறிய விலங்குகளின் வளர்சிதைமாற்றம் விரைவானது என்பதால் உடற்பரப்பின் அடிப்படையில் கணக்கிடுவது வழக்கம். அதன்படி எலிக்கான அளவை 6ஆல் பெருக்கி 37ஆல் வகுக்க வேண்டும். சுண்டெலிக்கு 6க்குப் பதிலாக 3 கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, எலிக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு 10 மி.கி. கொடுக்கப்பட்டால், மனிதருக்கு அது ஏறத்தாழ 1.6 மி.கி. ஆகும். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 97 மி.கி. வரும். ஜப்பானிய மரபுவழி உணவில் நாளொன்றுக்குக் கிடைக்கும் ஐசோஃபிளேவோன் 25 முதல் 50 மி.கி. வரை என மதிப்பிடப்படுவதால், இதனை எட்டக்கூடிய அளவு எனலாம். மாறாக, போலந்து நாட்டு ஆய்வாளர்கள் 2019இல் எலிகளில் தன்விழுங்கலைத் தூண்டுவதற்குப் பயன்படுத்திய அளவு கிலோகிராமுக்கு 150 மி.கி. ஆகும். இதே கணக்கில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,460 மி.கி. ஆகிறது. உணவின் மூலம் இதனை அடைய முடியாது.

உட்கொள்ளும் ஜெனிஸ்டீனின் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் குளுக்குரோனைடு இணைவுப் பொருளாக மாற்றிவிடுகின்றன என்பதையும் கருத வேண்டும். குருதியில் கட்டற்ற நிலையில் இருப்பது சிறு பங்கே. அதிலும் ஒரு பகுதி மட்டுமே குருதி-மூளைத் தடுப்பைக் கடக்கிறது. வளர்ப்புத் தட்டில் உள்ள நரம்பணுக்களின் மீது ஊற்றப்படும் செறிவு மூளையில் பெரும்பாலும் எட்டப்படுவதில்லை.

காலம்

பெரும்பாலான விலங்குச் சோதனைகளில் சேதத்துக்கு முன்போ சேதத்தோடு ஒருங்கேயோ பொருள் கொடுக்கப்படுகிறது. நோயாளி மருத்துவரிடம் வருவதோ சேதம் நிகழ்ந்த பின்பு. பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் வெளிப்படும் நேரத்தில் கருமைத் திரளின் டோபமைன் நரம்பணுக்களில் பாதியளவு முன்பே அழிந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. எனவே முன்தடுப்பில் கிடைத்த வெற்றியைச் சிகிச்சையின் வெற்றியாகக் கொள்ள இயலாது.

மனிதரில் நடத்தப்பட்ட சோதனைகள்

2004இல் நெதர்லாந்தில் 60 முதல் 75 வயது வரையான 202 பெண்களுக்கு ஓராண்டு காலம் நாளொன்றுக்கு 99 மி.கி. ஐசோஃபிளேவோன் கொண்ட சோயாப் புரதம் கொடுக்கப்பட்டது. அறிதிறனில் வேறுபாடு காணப்படவில்லை. 2012இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் மாதவிடாய் நின்ற 350 பெண்கள் இரண்டரை ஆண்டுகள் பங்கேற்றனர். ஒட்டுமொத்த அறிதிறன் மேம்படவில்லை. காட்சி நினைவில் மட்டும் சிறு மேம்பாடு தென்பட்டது.

ஆல்சைமர் நோயாளிகள் 65 பேரிடம் நாளொன்றுக்கு 100 மி.கி. ஐசோஃபிளேவோன் 6 மாதங்கள் கொடுத்துச் செய்யப்பட்ட முன்னோடிச் சோதனை 2015இல் வெளியாயிற்று. அதில் மருந்துப்போலியைவிடக் குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கவில்லை. வலென்சியா குழுவினர் தம் சுண்டெலி ஆய்வைத் தொடர்ந்து, நோயின் தொடக்க நிலையில் இருந்த 24 பேருக்கு ஓராண்டு காலம் நாளொன்றுக்கு 120 மி.கி. ஜெனிஸ்டீனையோ மருந்துப்போலியையோ கொடுத்தனர். 2022இல் வெளியான முடிவுகளில் சில நினைவுச் சோதனைகளில் ஜெனிஸ்டீன் குழு மேம்பட்டிருந்தது. மூளையின் ஒரு பகுதியில் அமிலாய்டு கூடுவது மருந்துப்போலிக் குழுவில் மட்டுமே காணப்பட்டது. எனினும் 24 பேரைக் கொண்டு உறுதியான முடிவுக்கு வர இயலாது.

விலங்கிலிருந்து மனிதருக்குச் செல்லும் வழியின் கடினத்தை விளக்கும் நேர்வு சான்ஃபிலிப்போ நோய் ஆகும். இது குழந்தைகளைத் தாக்கும் அரிய மரபுவழி நரம்புச் சிதைவு நோய். ஹெப்பரான் சல்ஃபேட் என்னும் சர்க்கரைச் சங்கிலி சிதைக்கப்படாமல் மூளை உயிரணுக்களில் தேங்குவதால், குழந்தை கற்ற சொற்களையும் பின்னர் நடையையும் இழக்கிறது. 2010இல் வெளியான சுண்டெலி ஆய்வொன்றில், நாளொன்றுக்குக் கிலோகிராமுக்கு 160 மி.கி. என்ற அளவில் 9 மாதங்கள் ஜெனிஸ்டீன் கொடுத்தபோது மூளையில் தேக்கமும் அழற்சியும் குறைந்து, நடத்தைக் குறைபாடும் சீரானது. இங்கு ஜெனிஸ்டீன் செயற்பட்டது ஈஸ்ட்ரோஜனாக அன்று, சர்க்கரைச் சங்கிலியின் உற்பத்தியைக் குறைக்கும் பொருளாக என விளக்கப்பட்டது. வேறு மருந்து இல்லாத நிலையில் பல குடும்பங்கள் இம்முடிவில் நம்பிக்கை வைத்தன. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் குழந்தைகளிடம் அதே அளவில் ஓராண்டு காலம் மருந்துப்போலி ஒப்பீட்டுடன் சோதனை நடைபெற்றது. ஜெனிஸ்டீன் நோயின் போக்கை மாற்றவில்லை என்ற முடிவு 2021இல் வெளியிடப்பட்டது.

பாதுகாப்பு

தாவரத்திலிருந்து கிடைப்பது என்பதால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் மனித மார்பகப் புற்றுயிரணுக்கள் பொருத்தப்பட்ட, சூலகம் அகற்றப்பட்ட சுண்டெலிகளில் ஜெனிஸ்டீன் கட்டியின் வளர்ச்சியைத் தூண்டியது. பிறந்த சில நாள்களுக்குள் ஜெனிஸ்டீன் செலுத்தப்பட்ட சுண்டெலிகளில் பின்னாளில் கருப்பைப் புற்று தோன்றியதாக 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. மறுபுறம், இயல்பான உணவில் சோயாவை உண்ணும் ஆசிய மக்களிடம் மார்பகப் புற்றின் இடர் கூடியதாகக் காணப்படவில்லை. எந்த வயதில், எந்த அளவில், எந்த வடிவில் உட்கொள்ளப்படுகிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த ஜப்பானிய வழி அமெரிக்க ஆண்களிடம் நடத்தப்பட்டு 2000இல் வெளியான நெடுங்கால ஆய்வு, நடுவயதில் சோயாத் தயிர்க்கட்டியை மிகுதியாக உண்டவர்களிடம் முதுமையில் அறிதிறன் குறைவு கூடுதலாக இருந்ததாகத் தெரிவித்தது. இது தொடர்பை மட்டுமே காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவவில்லை.

விலங்கு நலன்

ரஸ்ஸல், பர்ச் ஆகியோர் 1959இல் வகுத்த மூன்று நெறிகள் இத்துறைக்கும் பொருந்தும். அவை: இயன்றவிடத்து விலங்குகளுக்கு மாற்றைப் பயன்படுத்துதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். எண்ணிக்கையைக் குறைப்பது என்பது தேவைக்குக் குறைவான விலங்குகளைக் கொண்டு சோதிப்பது அன்று. முடிவுக்கு வர இயலாத அளவு சிறிய சோதனையில் பயன்படுத்தப்பட்ட விலங்குகள் அனைத்தும் வீணாகின்றன. 2010இல் வெளியிடப்பட்டு 2020இல் திருத்தப்பட்ட அர்ரைவ் வழிகாட்டுதல்கள், விலங்குகளின் பாலினம், குழுக்களாகப் பிரித்த முறை, அளவிட்டவருக்குக் குழு மறைக்கப்பட்டதா என்பன போன்ற விவரங்களைக் கட்டுரைகளில் குறிப்பிடுமாறு கோருகின்றன.

மதிப்பீடு

தாவர ஈஸ்ட்ரோஜன்கள் நரம்பணுக்களின் மீது செயற்படுகின்றன என்பதை விலங்கு மாதிரிகள் நிறுவியுள்ளன. அவை மனிதரில் நரம்புச் சிதைவு நோய்களைத் தடுக்கின்றன அல்லது குணப்படுத்துகின்றன என்பது நிறுவப்படவில்லை. சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரைகள் பல நாடுகளில் மருந்தாக அன்றி உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவதால், நினைவாற்றலைக் காக்கும் என்ற கூற்று போதிய சான்றின்றியே மக்களைச் சென்றடைகிறது.

இத்தகைய செய்தி ஒன்றைப் படிக்கும்போது சில கேள்விகள் அதன் எடையை அறிய உதவும். சோதிக்கப்பட்டது எந்த விலங்கு, எந்தப் பாலினம்? பொருள் சேதத்துக்கு முன் கொடுக்கப்பட்டதா, பின் கொடுக்கப்பட்டதா? கட்டுப்பாட்டு விலங்குகளின் தீவனத்தில் சோயா இருந்ததா? கொடுக்கப்பட்ட அளவு மனிதருக்கு எவ்வளவு ஆகும்? வேறு ஆய்வுக்கூடம் அதே முடிவை மீண்டும் பெற்றதா? இவற்றுக்கு விடை இல்லாத ஆய்வு, அடுத்த சோதனைக்கான தொடக்கமாக மட்டுமே கொள்ளத்தக்கது.

இவற்றையும் பார்க்க

- ஈஸ்ட்ரோஜன்
- ஆல்சைமர் நோய்
- பார்க்கின்சன் நோய்
- சோயா அவரை
- மாதவிடாய் நிறுத்தம்
- மருந்துப்போலி